எட்டுக்குக் கீழே ஓர் எருக்கிலை

செப்டம்பர் 27

ஆய்வகப் பதிவேட்டில் நேற்று நான் "இந்த விளக்குச் சனியன் மறுபடியும் அணைந்துவிட்டது" என்று எழுதியதை எங்கள் துறைத் தலைவர் ஆவுடையப்பன் சார் பார்த்துவிட்டார். சிவப்பு மையால் அடித்து, "ஏம்மா செண்பகம், பதிவேட்டுல எண்ணை மட்டும் எழுது. உன் ஒப்பாரியெல்லாம் வேற எங்கயாவது வச்சுக்கோ" என்றார். வேறெங்கே? இதோ இங்கே. ஜனவரியில் யாரோ கொடுத்த டைரி, முக்கால் வருஷமாகக் காலியாகக் கிடந்தது. இப்போதாவது உதவட்டும்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "இலைக்கு வெளிச்சத்தை ஊட்டிவிட்டு, எவ்வளவு தின்னுச்சுன்னு பாக்கேன்" என்பேன். சத்தியமாக அவ்வளவுதான். இலை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனை விடுகிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை விடக் குறைந்தது எட்டு ஒளித்துகள் வேண்டும். எட்டுக்குக் கீழே எந்த இலையாலும் முடியாது என்கிறது பாடப்புத்தகம். நடைமுறையில் ஒன்பது, பத்து ஆகும். தேரிக்காட்டுச் செம்மணலில், மனுஷன் கால் வைக்க முடியாத சூட்டில், ஜம்மென்று நிற்கிற எருக்கஞ்செடிக்கு எத்தனை ஆகும்? அதுதான் என் ஆராய்ச்சி.

ஒப்பீட்டுக்காக இன்று சந்தைப் பாலக்கீரையை அளந்தேன். ஒன்பதரை. புத்தகத்தில் இருக்கிறபடியே வந்தது. பாலக் எப்போதுமே நல்ல பிள்ளை.

துறையில் ஒரே ஒரு உதவிப் பேராசிரியர் இடத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது. நிரந்தர இடம்! நான் ஆறு வருஷமாகத் தற்காலிகம். இந்தத் திட்டமும் மார்ச்சோடு முடிகிறது. இந்த இடம் கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போக வேண்டியதுதான். கீழ்த்தளத்துப் பெலிக்ஸ் மச்சாதோவும் விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். தூத்துக்குடிக்காரர், கடற்பாசி ஆராய்ச்சி, எந்நேரமும் விசில். போடட்டுமே, எனக்கென்ன.

அக்டோபர் 1

ஆயுத பூசை. எங்கள் ஆய்வகத்தில் இது சாரின் திருவிழா. காலையிலேயே வேட்டி கட்டி வந்துவிட்டார். வடிவக்கா (எங்கள் ஆய்வக உதவியாளர், துடைப்பம் முதல் துலாக்கோல் வரை அவர் ராஜ்யம்தான்) எல்லாக் கருவிகளையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். சார் உள்ளங்கையில் விபூதியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து ஒன்று விடாமல் பட்டை போட்டுக்கொண்டே வந்தார். பின்னாலேயே வடிவக்கா குங்குமப் பொட்டு. மையச்சுழல் கருவிக்குப் பட்டை, குளிர்பெட்டிக்குப் பட்டை, ஒளிமானிக்குப் பட்டை. விட்டால் எனக்கும் ஒன்று போட்டிருப்பார்.

"சார், அந்தக் கண்ணாடிக் குடுவையில வேண்டாம்" என்றேன்.

"ஏன், அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று அதற்கும் போட்டார்.

பெலிக்ஸ் சுண்டல் வாங்க வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, ஒரு டப்பா மக்ரூன் கொண்டுவந்தார். "உங்க இலைக்குச் சாமி கும்பிட்டாச்சா? எங்க பாசியெல்லாம் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்துருச்சு" என்றார். பெரிய நகைச்சுவை. நான் சிரிக்கவில்லை. மக்ரூன் சுமார். நாலு தின்றேன், பசி.

அக்டோபர் 3

வடிவக்கா குங்குமத்தையெல்லாம் காய்ந்த துணியால் துடைத்துவிட்டார். வேலை ஆரம்பம். தேரியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த எருக்கு, முதல் அளவு. இலையில் வட்டமாக ஒரு வில்லை வெட்டி, பால் வடியத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, விளக்கைப் போட்டால் ஆக்சிஜன் எவ்வளவு வருகிறது என்று கருவி காட்டும். விளக்கிலிருந்து எத்தனை ஒளித்துகள் விழுகின்றன என்பதை ஒளிமானி சொல்லும். அதன் தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளை வில்லை ஒன்று இருக்கிறது, அதில் விழுகிற வெளிச்சத்தைத்தான் அது எண்ணுகிறது.

விளக்குக்கு வயதாகிவிட்டது போல. ஒளிமானி பழைய அளவைக் காட்ட, குமிழை வழக்கத்தைவிட வெகுவாகத் திருக வேண்டியிருக்கிறது. புது விளக்குக்கு எழுதிப் போட வேண்டும்.

எருக்கு: ஐந்தே முக்கால்.

எங்கேயோ கூட்டல் தப்பு. வீட்டுக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிட்டுத் தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 4

கூட்டலில் தப்பு இல்லை.

அக்டோபர் 7

மூன்று செடி, பன்னிரண்டு வில்லை. ஐந்தேகால், ஐந்தே முக்கால், ஆறு. எட்டு வரவே இல்லை! எருக்கு, நீ என்னடா செய்கிறாய் உள்ளே?

சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். "ஏம்மா, என்ன சொல்லுதே நீ? எட்டுக்குக் கீழயா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். வரும் மே மாதம் ஓய்வு பெறப்போகிற மனிதர். முப்பது வருஷமாக இந்தச் சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இலையை அரைத்துக்கொண்டே இருந்தவருக்கு, கடைசி வருஷத்தில் இப்படி ஒன்று. அவர் கண் கலங்கிவிட்டது.

"பாலக்கை இன்னொரு தடவை அளந்து பாத்துடுதேன் சார். பிறகு யார்கிட்டயும் சொல்லலாம்" என்றேன்.

"பாரு, பாரு, தாராளமாப் பாரு" என்றபடியே துணைவேந்தருக்குப் போன் போட்டுவிட்டார்.

அக்டோபர் 8

பாலக் வாங்க வேண்டும்.

அக்டோபர் 9

சந்தையில் இரண்டு கட்டு பாலக் வாங்கினேன். பசேலென்று அப்படி ஒரு கீரை. ஆய்வகத்துக்குப் போகிற வழியில்தான் வீடு. மத்தியானத்துக்குக் குழம்பும் இல்லை. பாசிப்பருப்புப் போட்டுக் கடைந்துவிட்டேன். அருமையாக இருந்தது. சோதனைக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம், கீரைக்கா பஞ்சம்.

அக்டோபர் 11

உள்ளூர்ப் பேப்பரில் வந்துவிட்டது. "உலக விஞ்ஞானத்தைத் திகைக்க வைத்த நெல்லை எருக்கிலை." சாரின் படம் பெரிதாக, என் படம் அடையாள அட்டையில் இருக்கிற அந்தத் திருட்டு முழியோடு.

எட்டு மணிக்கு அம்மா போன். "ஏட்டி, பேப்பர்ல போட்டுருக்காமே! எதுத்த வீட்டு மைனி கொண்டாந்து காட்டுதா. எருக்கெலை திங்கலாமாட்டி?"

"அய்யோ, திங்கக் கூடாதும்மா! வெசம்!"

"பெறகு எதுக்குப் பேப்பர்ல போடுதான்?"

அதைப் பேப்பர்காரனிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அம்மாவுக்கு வாயெல்லாம் பல், போனிலேயே தெரிந்தது. "வேலை உறுதியாயிடும்லா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

பெலிக்ஸ் மாடிப்படியில் நின்று கை கொடுத்தார். "பெரிய விஷயம் மேடம். எனக்கு இனிமே நேர்காணல்ல சும்மா டீ குடிச்சுட்டு வர்ற வேலைதான்" என்றார். மனசாரச் சொன்ன மாதிரிதான் இருந்தது. அந்த மனிதருக்குப் பொறாமை என்று ஒன்று கிடையாதா? "பாலக் என்ன காட்டுச்சு?" என்று வேறு கேட்டார்.

"அளந்துக்கிட்டே இருக்கேன்" என்றேன்.

இன்று நீலச் சட்டை போட்டிருந்தார். எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 13

நேர்காணல் முப்பதாம் தேதி. வெளி நிபுணராகக் கோயம்புத்தூரிலிருந்து முனைவர் சௌந்தரா தேசிகன் வருகிறார். எருக்கு எண்களை வைத்து நான் எழுதிய கட்டுரை வரைவைச் சார் அவருக்கு அனுப்பியும்விட்டார். ஒளிச்சேர்க்கையில் அந்த அம்மாளுக்குத் தெரியாதது கிடையாது என்பார்கள். பயப்படாத ஆளும் கிடையாது என்பார்கள்.

சந்தைக்குப் போனேன். பாலக் வாடல். வாங்கவில்லை.

(அவ்வளவு ஒன்றும் வாடல் இல்லை.)

அக்டோபர் 15

வடிவக்கா கெடுத்தார். இல்லை, காப்பாற்றினார். என்னவென்று சொல்ல. காலையில் நான் போவதற்குள் மேசை மேல் ஒரு கட்டு பாலக். "நீங்கதான் கீரை, கீரைன்னு ஒரு வாரமாப் பொலம்புதீயளே, எங்க தெருவுல வந்துச்சு, வாங்கியாந்தேன்." இனி என்ன சாக்குச் சொல்வது? வெட்டினேன், வைத்தேன், விளக்கைப் போட்டேன்.

பாலக்: ஐந்தே முக்கால்.

சந்தைக் கீரையும் உலக சாதனை படைத்துவிட்டது! சிரித்தேன், அப்புறம் பதிவேட்டைப் புரட்டினேன். போன மாதம் இதே பாலக்குக்கு ஒன்பதரை. மூன்றே வாரத்தில் உலகத்து இலைகளுக்கெல்லாம் ஒரேயடியாகப் புத்தி வந்துவிடாது. இலை மாறவில்லை என்றால் கருவிதான் மாறியிருக்கிறது.

அக்டோபர் 16

இந்தக் கட்டடத்தில் இன்னொரு ஒளிமானி பெலிக்ஸிடம்தான் இருக்கிறது. போட்டிக்கு நிற்கிறவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று படியில் இரண்டு தடவை இறங்கி ஏறினேன். மூன்றாம் தடவை அவரே கதவைத் திறந்து, "என்ன மேடம், மாடிப்படியை அளக்கீங்களா?" என்றார்.

"உங்க ஒளிமானி ஒரு மணி நேரம் வேணும். சும்மா ஒரு சரிபார்ப்பு."

ஒன்றுமே கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். "சாயங்காலம் வரை வச்சுக்கோங்க." கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

இரண்டையும் ஒரே விளக்கின் கீழே வைத்தேன். அவருடையது நூறு காட்டியது. என்னுடையது அறுபது.

உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை வில்லை, அதன் மேல் வெள்ளையாக ஒரு படலம். வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நகத்தால் சுரண்டினேன். சாம்பல். மோந்து பார்த்தேன். கோயில் வாசனை.

விபூதி.

குங்குமத்தை வடிவக்கா துடைத்துவிட்டார், சிவப்பு கண்ணுக்குத் தெரியும். சார் குழைத்துப் போட்ட பட்டை அப்படியே காய்ந்து, வெள்ளையில் வெள்ளையாக உட்கார்ந்துவிட்டது. விழுகிற வெளிச்சத்தில் பாதிக்குக் கிட்ட அதுவே குடித்துவிட்டது. ஒளிமானி குறைத்துச் சொல்லச் சொல்ல நான் விளக்கை ஏற்றியிருக்கிறேன். இலை வயிறு நிறைய வெளிச்சத்தைத் தின்றுவிட்டு ஆக்சிஜன் விட்டிருக்கிறது. "ஆகா, பட்டினி கிடந்தே எவ்வளவு வேலை செய்யுது!" என்று நான் குதித்திருக்கிறேன். விளக்குக்கு வயதாகவில்லை. எனக்குத்தான் கண் இல்லை.

ஈரத்துணியால் துடைத்தேன். நூறு. எருக்கை அளந்தேன். ஒன்பதே முக்கால். எந்தத் தெருவோரத்து இலையும் காட்டுகிற அதே எண்.

ஒளிமானியைத் திருப்பிக் கொடுத்தேன். "சரியா இருந்துச்சா?" என்றார் பெலிக்ஸ். "உங்களுது சரியா இருக்கு" என்றேன். அது பொய்யில்லை.

அக்டோபர் 17

சாரிடம் சொல்லவில்லை. அவரைப் பார்க்க நாலு பேர் வந்திருந்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள்.

அக்டோபர் 18

இன்றும் சொல்லவில்லை. முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 20

தீபாவளி. ஊருக்கு வந்திருக்கிறேன். தெரு முழுக்க என்னை விஞ்ஞானி என்கிறது. எதிர்வீட்டு மைனி தன் மகளைக் கூட்டி வந்து, "இந்த அத்தையை மாதிரிப் படிக்கணும்" என்று காட்டினாள். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அம்மா பின்னாலேயே வந்து, "என்னட்டி, மொகத்தைத் தூக்கி வச்சுருக்கே?" என்றாள். எண்ணெய்ப் புகை என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 22

சொல்லிவிட்டேன்! சாரிடம் மட்டும்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தேன். பாலக், இரண்டு ஒளிமானி, அறுபது, நூறு. "என்னது படிஞ்சிருந்துச்சு?" என்றார்.

"விபூதி சார்."

முதலில் புரியவில்லை. பிறகு தன் வலது கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.  அப்புறம் சிரித்தார், சத்தமே இல்லாத ஒரு சிரிப்பு. "முப்பது வருசமாப் போட்டுக்கிட்டு வாரேன். ஒண்ணும் ஆனதில்ல. போன வருசம் வரைக்கும் பழைய மானி, அதுக்குக் கண்ணாடி மூடி உண்டும்மா. இதுக்கு மூடி இல்லங்கிறதை நான் யோசிக்கவே இல்ல" என்றார்.

"பேப்பருக்கு, துணைவேந்தருக்கெல்லாம்..."

"சொல்லிரலாம். நானே சொல்லுதேன். ஆனா முப்பதாம் தேதி முடியட்டும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் மே மாசம் போயிருவேன். மார்ச்சுக்குப் பிறகு உனக்கு இங்க யாரு இருக்கா? இப்பச் சொன்னா உன்னைத்தான் கேலி பண்ணுவானுவ. நேர்காணல் முடிஞ்ச மறுநாள் நானே மறுப்புக் குடுக்கேன். எட்டு நாள் தள்ளிச் சொன்னா இலை ஒண்ணும் கோவிச்சுக்காது."

அவர் தனக்காகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. நானும் "சரி சார்" என்றேன். "சரி" என்றதும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. என்ன ஜென்மம் நான்!

அக்டோபர் 25

நேர்காணலுக்குச் சேலை எடுத்து வைத்தேன். எருக்கம்பூ நிறம். மறுபடி உள்ளே வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தேன்.

அக்டோபர் 28

பெலிக்ஸ் நேர்காணலில் பேசப்போவதை என்னிடம் ஒத்திகை பார்த்தார். நன்றாகத்தான் பேசுகிறார். கையில் இருக்கிற காகிதத்தைத்தான் சுருட்டிச் சுருட்டி விரிக்கிறார். அவருடைய திட்டமும் மார்ச்சோடு முடிகிறதாம். எனக்கு இதுவரை தெரியாது, நான் கேட்டதும் இல்லை. "உங்க எருக்கு முன்னால என் பாசி எம்மாத்திரம். ஆனாலும் முழுசாச் சொல்லிட்டுத்தான் வருவேன்" என்றார்.

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். மின்விசிறி ஓடவில்லை, ஒரே புழுக்கம் வேறு.

அக்டோபர் 30

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் துணைவேந்தர், ஓரத்தில் துறைத் தலைவர் என்ற முறையில் சார். தேசிகன் அம்மாள் சின்ன உருவம், பருத்திச் சேலை, முன்னால் என் கட்டுரைப் பிரதி, அதில் நிறையப் பென்சில் கோடு.

துணைவேந்தர், "நம்ம எருக்கிலை நட்சத்திரம்!" என்று ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

தேசிகன் அம்மாள், "ஐந்தே முக்கால்ங்கறது ரொம்ப ஆச்சரியமான எண். நான் நம்பணும்னு ஆசைப்படறேன். நீங்களே சொல்லுங்க, நம்பலாமா?" என்றார்.

நம்பலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஒரே ஒரு வார்த்தைதான், அப்புறம் சம்பளம், வீடு, அம்மா, எல்லாமே சரியாகிவிடும். ஆனால் அந்த அம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பெலிக்ஸ் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார்.

"நம்பாதீங்க மேடம். அது தப்பு" என்றேன்.

 ஒளிமானி, படலம், அறுபதும் நூறும், எல்லாவற்றையும் சொன்னேன். "என்ன படலம்?" என்றார் துணைவேந்தர். நான் சாரைப் பார்த்தேன். ஓரத்திலிருந்து சார், "விபூதிங்க. ஆயுத பூசைக்கு நான்தான் போட்டேன். என் கைதான்" என்றார். ஒருவர் பக்கென்று சிரித்துவிட்டு இருமுவது போல நடித்தார். துணைவேந்தர் முகம் கறுத்துவிட்டது.

தேசிகன் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "கருவியில தப்பு வரும். எல்லாருக்கும் வரும். எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்றார்.

"பதினாறாம் தேதி மேடம்."

"இன்னிக்கு முப்பது. நடுவுல என்ன பண்ணினீங்க?"

சார் ஏதோ சொல்ல முன்னால் குனிந்தார். பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன்.

"பயந்துக்கிட்டு இருந்தேன் மேடம். இந்த வேலை போயிரும்னு பயந்தேன். அதுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சு. அளந்து பாத்தா தெரிஞ்சுரும்னு பாலக்கைக் கடைஞ்சு சாப்பிட்டுட்டேன்."

"நன்றி. நீங்க போகலாம்" என்றார்.

வெளியே வந்தேன். பெலிக்ஸ் எழுந்து, "எப்படிப் போச்சு?" என்றார். "உங்க பாசியை முழுசாச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 3

பெலிக்ஸுக்குக் கிடைத்துவிட்டது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அப்படியாட்டி?" என்று கேட்டாள். பிறகு, "சரி, சாப்பிட்டியா?" என்றாள். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. இப்படிக் கேட்டால் வராமல் என்ன செய்யும்?

நவம்பர் 4

சாருக்கு மனசு கேட்கவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டார். குழுவில் இரண்டு பேர் எனக்காகப் பேசினார்களாம். எனக்கு எதிராக உறுதியாக நின்றது தேசிகன் அம்மாள்தானாம்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அந்தப் பொண்ணு உண்மையைச் சொன்னதுல ரொம்ப சந்தோஷம். ஆனா ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்லியிருக்கா. அந்த ரெண்டு வாரத்துல வேற யாராவது அந்த எண்ணை நம்பி வேலையை ஆரம்பிச்சிருப்பாங்க. இந்தத் தடவை வெளியில நிக்கற பையனுக்குக் குடுங்க அப்படின்னுட்டாங்க."

எரிச்சலோ எரிச்சல். வீட்டுக்கு வந்து ஒரு பாத்திரம் விடாமல் விளக்கினேன். கடைசிப் பாத்திரத்தில் எரிச்சல் தீர்ந்துபோயிற்று. அந்த அம்மாள் சொன்னதில் எந்த இடத்தில் தப்பு என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

நவம்பர் 6

பெலிக்ஸ் வந்தார். விசில் இல்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா இது உங்களுக்குத்தான் வந்திருக்கும்" என்றார்.

"தெரியும். அதனாலதான் வாயைத் திறக்க ரெண்டு வாரம் ஆச்சு."

"அன்னைக்கு ஒளிமானி கேட்டப்பவே ஏதோன்னு நெனச்சேன். ஆனா கேக்கலை. நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"உங்ககிட்ட ஏன் சொல்லணும்?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் சாலைக்கு அந்தப் பக்கம் போய் டீ குடித்தோம். அவர்தான் வரச் சொன்னார். நான் மறுப்பதற்குள் டீ வந்துவிட்டது. இரண்டாவது டீயும் அப்படியே வந்துவிட்டது.

நவம்பர் 14

நேர்காணலுக்கு மறுநாளே சார் பேப்பர் ஆபீசுக்கு நேரில் போய் மறுப்புக் கொடுத்திருந்தார். இன்றுதான் ஆறாம் பக்கத்தில் விரல் அளவுக்குப் போட்டிருக்கிறார்கள். அதை வெட்டி ஆய்வகக் கதவில் ஒட்டிவிட்டார். "வாரவன் போறவன் படிக்கட்டும்." முதலில் ஒட்டிய பெரிய செய்தியையும் கிழிக்க விடவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அதோடு நிற்கவில்லை. ஒளிமானிகளைச் சரிபார்ப்பதற்கென்றே அளவு உறுதி செய்யப்பட்ட விளக்கு ஒன்றை வரவழைத்துவிட்டார். "நான் போறதுக்குள்ள இந்த மாவட்டத்துல ஒரு மானிகூடப் பொய் சொல்லக் கூடாது. அந்த வேலை உன்னுது" என்றார். கல்லூரிகளிலிருந்து ஒவ்வொன்றாக வர ஆரம்பித்திருக்கின்றன. மார்ச்சுக்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை. எருக்கை வைத்துப் புதுத் திட்டம் ஒன்று எழுதிப் போட்டிருக்கிறேன், ஒன்பதே முக்கால் என்றே எழுதி.

டிசம்பர் 4

காலையில் கூரியரில் ஒரு பெட்டி. கோயம்புத்தூரிலிருந்து. பஞ்சில் பொதிந்து மூன்று ஒளிமானிகள். மேலே ஒரு துண்டுச் சீட்டு: "எங்கள் விளக்கு பழுதுபார்க்கப் போயிருக்கிறது. உங்களிடம் ஒன்று இருப்பதாக ஆவுடையப்பன் சொன்னார். இவற்றைப் பார்த்துச் சொல்லவும். எதுவாக இருந்தாலும் அன்றைக்கே சொல்லவும். சௌ. தேசிகன்."

திமிரைப் பாருங்கள் என்று நினைத்தேன். கை மட்டும் அதுபாட்டுக்கு விளக்கைப் போட்டுவிட்டது.

முதல் ஒளிமானி சரி. இரண்டாவது சரி. மூன்றாவது, பச்சை ஸ்டிக்கர் ஒட்டியது, கால் பங்கு குறைத்துக் காட்டியது. ஈரத்துணியால் துடைத்தேன். அதே எண். மறுபடி அளந்தேன். அதே எண். யாரிடம் இதைச் சொல்லப் போகிறேன் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். வடிவக்கா டீ கொண்டுவந்தார். டீயைக் குடித்துவிட்டுப் பேசலாமா? வேண்டாம். டீயை ஓரமாக வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"மேடம், நெல்லையிலேருந்து செண்பகவல்லி பேசறேன். ரெண்டு சரியா இருக்கு. ஒண்ணு தப்பு. கால் பங்கு குறைச்சுக் காட்டுது."

"எது?"

"பச்சை ஸ்டிக்கர் ஒட்டினது மேடம்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம். பிறகு, "நல்லாத் துடைச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

"துடைச்சுப் பாத்தேன். மேல அழுக்கு எதுவும் இல்ல. உள்ளேயே பழசாயிடுச்சு மேடம்."

"போன மாசம் அனுப்பின கட்டுரை முழுக்க அதுல அளந்ததுதான்" என்றார். குரல் தேய்ந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாதே. 

"சரி. திங்கட்கிழமை கூட்டத்துல பசங்ககிட்ட சொல்லிடறேன்."

நான் "சரி மேடம்" என்றேன். அவர் போனை வைக்கவில்லை. 

"இல்ல. எல்லாரும் இப்ப மாடியிலதான் இருக்காங்க. இப்பவே போய்ச் சொல்றேன்" என்றார்.

கையில் இருந்த போனை அணைக்க மறந்துவிட்டார். நாற்காலி நகர்கிற சத்தமும், அப்புறம் அந்த அம்மாள் மெள்ள மெள்ளப் படியேறுகிற சத்தமும் எனக்குக் கேட்டன.